உளநோய் தீர்ப்பான் கடன்

உடம்பின்கண் வரும் நோயைத் தீர்ப்பதற்கு மருத்துவ நூல் உண்டு. உயிரைப் பற்றிய மலநோயைத் தீர்ப்பதற்கு ஞான நூல் உண்டு. இவ்விரண்டிற்கும் இடையே மனத்தின்கண் நிகழும் துன்பங்கள் பல உள. காரணம் புலப்படாது அஞ்சுதல், உறக்கம் ஒழிதல், செய்ததையே மீள மீளச் செய்தல், எவரோடும் பேசாதிருத்தல், வாழ்வை வெறுத்தல் முதலியன உடம்பை மட்டும் பற்றியனவும் அல்ல. உயிரை நேரே பற்றியனவும் அல்ல. இவற்றை நம் முன்னோர் அறியாதார் அல்லர். ஆயினும், இவற்றிற்கெனத் தனியே ஒரு தொழில் வகுத்து, ஓர் அறையிலே குறித்த வேளையில் அமர்ந்து, வருவார் கூறுவதைக் கேட்டு, அக்கேட்டலையே மருத்துவமாகக் கொண்டு, அதற்கு ஊதியமும் பெறும் வழக்கம் ஏறத்தாழ நூற்று முப்பது ஆண்டுகளுக்கு முன்னர் மேனாட்டில் தோன்றியதாகும். அதனை உளப்பகுப்பு மருத்துவம் என்பர். இன்று நம் நாட்டுப் பெருநகரங்களில், சிறு மகார் முதல் முதியோர் ஈறாக எல்லாப் பருவத்தார்க்கும் இம்மருத்துவம் செய்யும் உளநூலார் தனித்தொழில் நடத்தி வருகின்றனர்.

இதன்கண் ஆராயத்தக்க வினாக்கள் மூன்று. அயலான் ஒருவன் முன்னே உள்ளத்தைத் திறத்தல் முறையாமோ என்பது ஒன்று. பிறர் துன்பத்தைக் கேட்டற்கு ஊதியம் கொள்ளல் அறமாமோ என்பது மற்றொன்று. மனத்துன்பம் என்பன அனைத்திற்கும் மனத்துள்ளேயே காரணம் உளதோ என்பது மூன்றாவது. இம்மூன்றனுள் இறுதியில் நின்றதே தலையாயது. அதனை ஆராய்தற்கு நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. பொருநை நாட்டின் மேற்கெல்லையில் மணிமுத்தாற்றுக்கு மேலே நிற்கும் மாஞ்சோலை மலையே போதும். முதற்கண் இம்மருத்துவத்தின் இயல்பைத் தெரிந்துகொண்டு பின்னர் வினாக்களுட் புகுவோம்.

வியன்னா நகரத்து மருத்துவராகிய யோசேப்பு பிராயர் என்பார் 1880 முதல் 1882 வரை இளம்பெண் ஒருத்திக்கு மருத்துவம் செய்தார். அவள் நோயுற்ற தன் தந்தைக்கு நெடுநாள் பணி செய்தவள். கைகால் மரத்தல், தாய்மொழி மறத்தல், நீர் பருக மாட்டாமை முதலிய குறிகள் அவளிடம் தோன்றின. ஒரு குறி எந்நிகழ்ச்சியில் முதன்முதல் தோன்றிற்றோ அதனை அவள் நினைவுகூர்ந்து வாய்விட்டுச் சொல்ல, அக்குறி நீங்கக் கண்டார் பிராயர். அவளே இம்முறைக்குப் பேச்சு மருத்துவம் என்று பெயரிட்டாள். நகைச்சுவை தோன்றப் புகைபோக்கி துடைத்தல் என்றும் கூறினாள். பிராயரும் அவர்தம் இளைய நண்பராகிய சிக்மண்டு பிராய்டும் சேர்ந்து இவ்வரலாற்றை 1895-இல் நூலாக வெளியிட்டனர். அப்பெண் அப்போதே முற்றும் நலம் பெற்றிலள் என்பதும், பின்னரும் சிலகாலம் மருத்துவ நிலையத்தில் தங்க நேர்ந்தது என்பதும் பிற்கால ஆராய்ச்சியால் தெளிவாயின. ஆகவே இம்மருத்துவத்தின் முதற்கதையே, இதனை அளவிறந்து புகழ்தல் ஆகாது என்னும் படிப்பினையையும் உடன்கொண்டு வந்தது எனல் பொருந்தும்.

பிராய்டு (1856–1939) என்பார் 1891 முதல் 1938 வரை வியன்னாவில் ஒரே மனையில் வாழ்ந்து, அங்கேயே நோயாளரைக் கண்டு வந்தார். நோயாளி ஒரு சாய்கட்டிலில் படுத்திருப்பார். மருத்துவர் அவர் கண்ணிற்படாது தலைப்புறத்தே அமர்ந்திருப்பார். நோயாளி கைக்கொள்ள வேண்டிய விதி ஒன்றே: உள்ளத்தில் தோன்றுவது எதுவாயினும், அஃது இழிந்ததாயினும், பொருளற்றதாயினும், கேட்போரைப் புண்படுத்துவதாயினும், ஒளியாது சொல்லுதல். அங்ஙனம் சொல்லும்போது ஓரிடத்தே பேச்சுத் தடைப்படும். அத்தடையே மறைந்து கிடக்கும் நினைவிற்கு வாயில் என்பது அவர் கொள்கை. தன்னால் ஏற்க இயலாத விருப்பத்தை மனம் தன்னினின்றே ஒளித்துவிடும் என்றும், ஒளித்தது அழியாது கனவாகவும் நாத்தவறாகவும் நோயாகவும் வேற்றுருக் கொண்டு வெளிப்படும் என்றும் அவர் கூறினார். இன்னும், நோயாளி தன் தாய் தந்தையர்பால் முன்னர்க் கொண்டிருந்த அன்பையும் சினத்தையும் தன்னையறியாமல் மருத்துவர்மேல் ஏற்றிக்கொள்வார் என்பதும் அவர் கண்டதே. இதனை உணர்ச்சிப் பெயர்ச்சி எனலாம். இம்மருத்துவத்தின் வலிமையும் இடரும் ஒருங்கே இதன்கண் உள்ளன.

இனி, எல்லாப் பருவத்தார்க்கும் என்பது யாங்ஙனம் எனின், கூறுதும். ஐந்து வயதுச் சிறுவன் ஒருவன் குதிரையைக் கண்டு அஞ்சி வீதிக்குச் செல்லாதிருந்த வரலாற்றைப் பிராய்டு 1909-இல் வெளியிட்டார். அவ்விடத்து மருத்துவம் பெரும்பாலும் தந்தையின் வாயிலாகவே நிகழ்ந்தது. குழந்தையைப் படுக்கவைத்து, தோன்றியதெல்லாம் சொல்லுக என்றால் அது சொல்லாது. ஆகலின் மெலனி கிளைன் என்னும் அம்மையார், சிறு மரப்பொம்மைகளையும் வண்டிகளையும் தாளையும் நீரையும் குழந்தையின்முன் வைத்து, அதன் விளையாட்டையே பேச்சாகக் கொண்டார். பிராய்டின் மகளாராகிய அன்னா பிராய்டு, குழந்தைக்குக் கற்பித்தலும் பெற்றோரைத் துணைக்கொள்ளுதலும் இன்றியமையாதன என்று அவரோடு மாறுபட்டார். அம்மாறுபாடு எவ்வாறாயினும், குழந்தை மருத்துவத்தில் ஓர் அறநுட்பம் உண்டு. ஊதியம் தருபவர் பெற்றோர். உள்ளம் திறப்பது குழந்தை. குழந்தை கூறியதைப் பெற்றோர் கேட்டால் சொல்லலாமோ? அதற்குத் தீங்கு வரும் என்று கண்டவிடத்தன்றிப் பிறவற்றைச் சொல்லலாகாது என்பதே முறை. பொருள் தந்தமையால் பிறர் உள்ளம் ஒருவர்க்கு உடைமையாகிவிடாது. பெற்ற மகவாயினும் அஃது அவ்வாறே.

முதியோர் திறத்தில் தொடக்கத்தே ஐயம் இருந்தது. ஐம்பதை அணுகியோர்க்கு மனம் வளைந்து கொடாது, ஆதலின் இம்மருத்துவம் பயனுறாது என்று பிராய்டே இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதினார். அப்போது அவர்க்கும் வயது ஐம்பதை அணுகிக்கொண்டிருந்தது. அவர்தம் நூல்கள் பல அதன் பின்னரே தோன்றின என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. அவர் மாணவராகிய கார்ல் ஆபிரகாம் 1919-இல் இதனை மறுத்து, நோயாளியின் வயதினும் நோயின் வயதே பெரிதும் நோக்கத்தக்கது என்றார். இளமையில் வேரூன்றியது எது, முதுமையில் வந்து பற்றியது எது என்று பிரித்தறிதல் வேண்டும் என்பது இதன் கருத்து. அறுபது கடந்த யாமும் இதனை உடன்படுகின்றோம். முதியோர் மனம் வளையாது என்பது இளையோர் கூற்று. வளைப்பார் இன்மையே காரணமாதலும் கூடும்.

நம் நாட்டில் இம்மருத்துவத்தைத் தொடங்கினார் கல்கத்தாவில் வாழ்ந்த கிரீந்திரசேகர போசு (1887–1953) என்பார். அவர் 1910-இல் மருத்துவப் பட்டம் பெற்றுத் தனித்தொழில் நடத்தினார். மனநோயாளர் பலரைக் கண்டார். பிராய்டை நேரிற் கண்டவர் அல்லர்; மேனாடு சென்று எவரிடமும் பயின்றவரும் அல்லர். நூல்களைக் கற்றும், தம்மிடம் வந்தோரைக் கேட்டும், தாமே ஒரு நெறி வகுத்துக்கொண்டார். மனவொடுக்கம் பற்றிய அவர் ஆராய்ச்சிக்குக் கல்கத்தாப் பல்கலைக்கழகம் 1921-இல் அறிவியல் முனைவர் பட்டம் அளித்தது. 1922-இல் பார்சிபாகன் சந்தில் 14-ஆம் எண்ணுள்ள அவர் இல்லத்தில் இந்திய உளப்பகுப்புக் கழகம் தோன்றியது. பிராய்டுக்கும் அவர்க்கும் இடையே 1937 வரை கடிதப் போக்குவரத்து நிகழ்ந்தது. அக்கடிதங்களில் அவர் மாணவர்போல் வினவியதோடு அமையாது, மாறுபட்டவிடத்து மாறுபாட்டையும் மறையாது எழுதினார்.

அம்மாறுபாடு நம் வாசகர்க்கு இன்பம் தருவதொன்று. ஒவ்வொரு விருப்பத்திற்கும் அதன் மறுதலையான விருப்பம் ஒன்று உடன்பிறந்தே உளது என்பது போசு கண்ட கொள்கை. ஒருவனை அடிக்க விரும்புவான் உள்ளத்தில் அவனால் அடியுண்ண வேண்டும் என்னும் விருப்பம் மறைந்து கிடக்கும். ஒன்று வெளிப்பட மற்றொன்று ஒடுங்கும். இரண்டும் ஒருங்கே நிறைவேற மாட்டாமையே நோய்க்குக் காரணமாம். ஆகலின் அவர் நோயாளியை மாறிமாறி இருவர் நிலையிலும் நிறுத்தி நினைக்கச் செய்வார்: அடித்தவனாக ஒருமுறை, அடியுண்டவனாக ஒருமுறை. இங்ஙனம் துலாத்தட்டுப்போல மாறிவர, ஈற்றில் இரண்டு விருப்பமும் ஒத்த வலியுடையனவாய் அமைதியுறும் என்றார்.

இஃது இவ்வாறாக, முதல் வினாவை எடுத்துக்கொள்வோம். மருத்துவத்திற்கு உறுப்பு நான்கு என்பது தமிழ் மரபு: நோயாளி, மருத்துவன், மருந்து, உடனிருந்து துணைபுரிவோன். ஏனைய மருத்துவங்களில் இந்நான்கும் வெவ்வேறாய் நிற்கும். உளப்பகுப்பு மருத்துவத்திலோ மருந்தாவது நோயாளியின் சொல்லே. அதனை ஆக்குவானும் அவனே, உண்பானும் அவனே. மருத்துவன் எனப்படுவான் ஆராய்ந்து நோக்கின் உடனிருந்து துணைபுரியும் நான்காவது உறுப்பாகவே நிற்கின்றான். அவன் செய்வது யாது எனின், நோயாளி தன் சொல்லையே தான் கேட்கும்படி செய்தல். தனியே இருந்து எண்ணுவான், தான் விரும்பாத இடம் வந்தவுடன் நினைவைத் திருப்பிக்கொள்வான். பிறர் ஒருவர் பழியாதும் புகழாதும் உடனிருந்து கேட்பின் அங்ஙனம் திருப்புதல் அரிது. சுற்றத்தார் கேட்பாராயின் இரங்குவர், அல்லது கடிவர். பின்னர்ப் பிறரிடமும் உரைப்பர். ஆகவே, சில உள்ளங்கள் அயலான் முன்னரன்றித் திறவா. அயன்மையே ஈண்டுக் குணமாயிற்று. ஆதலின் அயலான் முன்னே உள்ளம் திறத்தல் இழுக்கன்று. அவ்வயலான் தன் நாவைக் காப்பவனாயின்.

அற்றேல், அவனைக் குரு என்று கொள்ளலாமோ எனின், கொள்ளலாகாது. குருவை அடைந்த மாணாக்கன் அவரை என்றும் நீங்கான்; உளநூலானை அடைந்தவனோ நலம் பெற்றுப் பிரிந்து போதற்கே அடைகின்றான். நோயாளிக்குத் தான் வேண்டாதவனாதலே தன் தொழிலின் நிறைவு என்று அறியாத உளநூலான், மேற்கூறிய உணர்ச்சிப் பெயர்ச்சியைத் தன் பெருமையென மயங்குவான். தன்மேல் ஏற்றப்பட்ட அன்பைத் தனக்கே உரியதெனக் கொண்டு நோயாளியின் உடலையோ பொருளையோ வாழ்க்கை முடிவுகளையோ கவர்தல் இத்தொழிலின் பெரும்பிழை. பிறர் வைத்த அடைக்கலப் பொருளைத் தன் உடைமையாக்குதல் எத்தகைய குற்றமோ அத்தகையதே இதுவும்.

மற்றும், இம்மருத்துவம் எட்டும் எல்லையையும் வரையறுத்தல் வேண்டும். நனவிற்கு எட்டாது மறைந்த மனப்பகுதி ஒன்று உளது என்று கேட்டவுடன், ஆணவமே இது என்று நம்மவருள் சிலர் மகிழ்வர். அது பொருந்தாது. ஆணவம் அநாதி, எல்லா உயிர்க்கும் பொது, பொருள்களை மறைப்பதோடு தன்னையும் மறைத்து நிற்பது, அருளாலன்றி அதன் வலி கெடாது. உளநூலார் கூறும் மறைபகுதியோ இப்பிறப்பின் நிகழ்ச்சிகளால் ஆயது, ஆளுக்கு ஆள் வேறு, சொல்லால் வெளிப்படுவது. மனம், புத்தி, அகங்காரம், சித்தம் என்னும் அந்தக்கரணங்கள் மாயையின் காரியமாய் உயிர்க்குக் கருவியாய் நிற்பன. அக்கருவியின்கண் படிந்த வாசனையையே இவர்கள் ஆராய்கின்றனர் எனக் கொள்ளுதல் நேரிது. கருவி பழுதுற்றால் பழுது பார்ப்பானிடம் செல்லுதல் குற்றமன்று. பழுது பார்ப்பான் தன்னை உடையவனாகக் கருதுதலே குற்றம். இங்ஙனமே, போசு கூறிய விருப்பொப்பினை இருவினையொப்பு என்று கூறுதலும் மிகைபடக் கூறலாம். அது விருப்பம் இரண்டன் இடையே நிகழும் அமைதி. இது நல்வினை தீவினை என்னும் இரண்டன் பயனிலும் விருப்பும் வெறுப்பும் அற்று உயிர் நிற்கும் நிலை. ஓட்டை அடைத்த ஓடம் கரைசேர்ந்த ஓடம் ஆகாது. ஆயினும் ஓட்டை அடையாத ஓடம் கரைசேர்தல் அரிதென்பதும் மறுக்கப்படாது.

இரண்டாவது வினா ஊதியம் பற்றியது. பிறர் கண்ணீரை விலைப்படுத்தலாமோ எனச் சிலர் சினந்து வினவுவர். பிராய்டு 1913-இல் எழுதிய கட்டுரையொன்றில் இதனை வெளிப்படையாகவே ஆராய்ந்தார். மருத்துவன் தன் நாளின் ஒரு மணி நேரத்தை நோயாளிக்குக் குத்தகை விடுகின்றான்; அவர் வந்தாலும் வாராவிடினும் அது அவர்க்கே உரியது; ஆதலின் அதற்குரிய பொருளைத் தரல் வேண்டும் என்றார். தாம் ஏறத்தாழப் பத்தாண்டு நாடோறும் ஒரு மணி நேரத்தையோ இரண்டையோ ஊதியமின்றி ஒதுக்கிப் பார்த்ததாகவும், அதனால் நோயாளிக்குக் கடப்பாட்டுணர்வு மிக்குத் தடையே வளர்ந்ததாகவும் உரைத்தார். இக்கூற்றில் உண்மை உண்டு. கைம்மாறு செய்ய இயலாத உதவி சிலர்க்குச் சுமையாகும். நன்றிக்கடன் பட்டவன் சினத்தை வெளியிடக் கூசுவான்.

ஆயினும் அவ்வளவில் அமைதல் தகாது. வாரத்திற் பல நாளும் ஆண்டுக் கணக்கிலும் நீளும் இம்மருத்துவம் ஊதியம் ஒன்றனையே வாயிலாக உடைத்தாயின், செல்வர்க்கே உரியதாய் முடியும். செல்வர்க்கு மட்டும் மனம் உண்டு என்று எந்நூலும் கூறிற்றில்லை. இதனைப் பிராய்டும் உணர்ந்தார். 1918-இல் புடாபெஸ்ட்டு நகரத்துப் பேரவையில், ஏழைக்கு அறுவை மருத்துவத்தில் உள்ள உரிமை மனமருத்துவத்திலும் உண்டு என்று சமுதாயத்தின் மனச்சான்று ஒருநாள் விழித்தெழும் என்னும் கருத்துப்பட உரையாற்றினார். அதன் பயனாய் 1920-இல் பெர்லினிலும் 1922-இல் வியன்னாவிலும், பொருள் தர இயலாதார்க்கும் வாயில் திறந்த உளப்பகுப்பு மருத்துவ நிலையங்கள் தோன்றின. நம் நாட்டில் போசு 1933-இல் கல்கத்தாவிலுள்ள கார்மைக்கேல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநோய்க்கெனப் புறநோயாளர் பிரிவு ஒன்றைத் தொடங்கினார்; பொது மருத்துவமனையில் அத்தகையது இந்தியாவில் அதுவே முதலாவது. 1940-இல் அவர் முயற்சியால் லும்பினிப் பூங்கா மனநோய் மருத்துவமனை எழுந்தது. வீட்டில் ஊதியத்திற்குக் கேட்டவரே மருத்துவமனையில் ஏழைக்கும் கேட்டார். ஆகவே இவ்வினாவிற்கு விடை இதுவாகும்: காலத்திற்கும் கல்விக்கும் கூலி கொள்ளுதல் அறத்தொடு மாறுபடாது, நான்காவது உறுப்பாய் நின்று துணைபுரிந்தமைக்கு அது கூலி, மருந்தோ நோயாளியினது, அதற்கு விலை பேசுதல் இல்லை. கூலி தர இயலாதானுக்கு வாயிலை அடைத்தலே அறத்திற்கு மாறாவது.

இனி மூன்றாவதாகிய தலையாய வினாவிற் புகுவோம். துன்பம் வரும் வாயில் மூன்று என்று நம் நூலோர் வகுத்தனர். தன்னாலும் தன் உடல் மனங்களாலும் வருவது ஆதியான்மிகம். பிற உயிர்களால் வருவது ஆதிபௌதிகம். மழை, இடி, வெப்பம் முதலிய தெய்வத்தான் வருவது ஆதிதைவிகம். மூன்றும் வந்து தங்குமிடம் மனம் ஒன்றே. தங்குமிடம் ஒன்றாதல் பற்றி வந்த வழியும் ஒன்றே என்று கருதுதல் பெரும்பிழையாம். உளப்பகுப்பு மருத்துவம் ஆதியான்மிகத்தை ஆராயப் புகுந்தது. தன் கருவி கூரிதாயிருத்தலால் அது ஏனை இரண்டனையும் ஆதியான்மிகமாகவே காணும் மயக்கிற்கு இடனாயிற்று. பசித்தவன் அழுதால், இளமையில் தாய் பால் மறுத்தமையை நினைந்து அழுகின்றான் என்று விளக்குதல் எளிது. சோறிடுதல் அதனினும் அரிது.

இஃது எம் கற்பனையன்று. இந்திய உளப்பகுப்புக் கழகத்தில் உறுப்பினராயிருந்த கிளாடு டேலி என்னும் ஆங்கிலப் படைத்தலைவர், நம் நாட்டு விடுதலைக் கிளர்ச்சியைக் குழந்தைப் பருவத்து மனக்குறையின் வெளிப்பாடாக விளக்கி 1930-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். உப்புக்கு வரி விதித்தவர் யார், அடித்தவர் யார், சிறையிட்டவர் யார் என்னும் வினாக்கள் அவ்விளக்கத்தில் மறைந்தொழிந்தன. அடியுண்டவன் மனமே குற்றக் கூண்டில் நின்றது. ஆள்வோன் ஆளப்படுவோனது உள்ளத்தை ஆராயப் புகுங்கால் நேரும் தீங்கு இது. போசு கூறிய முறைப்படி அவர் ஒருமுறை அடியுண்டவன் நிலையில் தம்மை நிறுத்தி நினைத்திருப்பாராயின் அக்கட்டுரை வேறாய் முடிந்திருக்கும்.

இப்பொழுது மாஞ்சோலையை நோக்குக. 1929-இல் சிங்கம்பட்டி ஜமீன்தாரிடமிருந்து ஏறத்தாழ 8,374 ஏக்கர் மலைநிலத்தைத் தொண்ணூற்றொன்பது ஆண்டுக் குத்தகைக்குப் பம்பாய் பர்மா வாணிகக் கழகம் பெற்றது. காடு திருத்தித் தேயிலை நட்டனர். மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி எனக் குடியிருப்புகள் தோன்றின. சமவெளியினின்றும் மலையேறிய எளிய குடிகள் அட்டைக் கடியும் குளிரும் பொறுத்துக் கொழுந்து பறித்தனர். அவர்தம் மக்களும் பேரரும் அங்கேயே பிறந்து அங்கேயே முதிர்ந்தனர். கூலி உயர்வும் சிறைப்பட்ட தொழிலாளர் விடுதலையும் வேண்டி அவர்கள் 1999 சூலை 23-ஆம் நாள் திருநெல்வேலியில் மாவட்ட ஆட்சியர் அலுவலகம் நோக்கிப் பேரணியாகச் சென்றபோது, காவலர் தடியடியால் சிதறித் தாமிரவருணியில் இறங்கினர். பதினெழுவர் உயிர் நீத்தனர். பெண்டிரும் பச்சிளங்குழவியும் அவருள் அடங்குவர். குத்தகை 2028-இல் முடிய வேண்டியிருக்க, நிறுவனம் அதற்கு முன்னரே 2024-இல் தோட்டத்தொழிலை நிறுத்தி, தொழிலாளர் விருப்ப ஓய்வு பெற்று மலையை விட்டு இறங்குமாறு அறிவித்தது. அம்மக்களின் வழக்குகள் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை வரை சென்றன.

அம்மலையில் பிறந்து நாற்பதாண்டு கொழுந்து பறித்த முதியவள் ஒருத்தி, சமவெளியிலே மகன் வீட்டிற்கு வந்தபின் உறக்கம் ஒழிந்து, உணவு குறைந்து, விடியுமுன் எழுந்து கூடை தேடுகின்றாள் எனக் கொள்வோம். அவளை ஓர் உளநூலானிடம் அழைத்துச் சென்றால் அவன் கொள்ள வேண்டிய முதற்கடன் யாது? அவள் கூறும் மலையை மலை என்றே கேட்டல். மலை என்பது தாயைக் குறிக்கும், கூடை என்பது மகவைக் குறிக்கும் என்று உடனே பொருள் விரிப்பானாயின், அவளிடம் எஞ்சியிருந்த ஒன்றையும் பறித்தவனாவான். நிலம் போயிற்று, தொழில் போயிற்று. போயிற்று என்று சொல்லும் சொல்லும் அவளுடையதன்று என்றாயிற்று. இதனினும் கொடுமை வேறில்லை.

இதற்குச் சான்றாய் நிற்பவர் பிராய்டே. 1917-இல் வெளிவந்த கட்டுரையொன்றில் அவர் துக்கத்தையும் மனச்சோர்வு நோயையும் வேறுபடுத்தினார். அன்புடையாரை இழந்தவிடத்து மட்டுமன்றி, நாடு, உரிமை முதலியவற்றை இழந்தவிடத்தும் துக்கம் தோன்றும் என்றும், அதனை நோய் என்று கருதி மருத்துவனிடம் அனுப்ப எவரும் எண்ணுவதில்லை என்றும், காலம் செல்லச் செல்ல அது தன் வேலையை முடித்துத் தணியும் என்றும் கூறினார். துக்கத்தில் உலகம் வறிதாகிறது, மனச்சோர்வு நோயிலோ தன்னையே வறியனாகக் காண்கின்றான் என்பது அவர் காட்டிய வேறுபாட்டின் சாரம். மலையை இழந்தேன் என்று அழுவது துக்கம். இழக்கத் தக்கவள்தான் யான், என் வாழ்வே பிழை என்று தன்னைத் தானே கடிவது நோய். முன்னதற்கு வேண்டுவன துணையும் நீதியும். பின்னதற்கே மருத்துவம் வேண்டும்.

ஆகவே உளநூலான் தன்னிடம் வருவோர் திறத்தில் இரண்டு சோதனை செய்தல் வேண்டும் என்பது எம் கருத்து. இந்நிலையில் வைக்கப்பட்டால் நல்ல மனமுடையார் எவரும் இங்ஙனமே வருந்துவரோ என்பது ஒன்று. புறத்துக் காரணம் நீங்கினால் இத்துன்பமும் நீங்குமோ என்பது மற்றொன்று. இரண்டிற்கும் ஆம் என்று விடை வருமாயின், அத்துன்பம் நோயன்று. உண்மையை அறிந்த அறிவே அது. இரண்டிற்கும் அன்று எனின் அகத்தே ஆராய்க. இரண்டும் கலந்து வருவனவே மிகப் பல. ஆண்டு மருத்துவன் தன் ஆராய்ச்சியைத் தொடங்குமுன், புறத்தே நிகழ்ந்தது நிகழ்ந்ததே என்று நோயாளியிடம் வாயால் ஒப்புக்கொள்ளுதல் வேண்டும். ஒப்புக்கொள்ளப்பட்ட துன்பம் பாதி ஆறும். மறுக்கப்பட்ட துன்பம் இரட்டிக்கும்.

அற்றேல், நீதி வேண்டுவார்க்கு மனமருத்துவம் வேண்டாவோ? போராட்டமே மருந்தாமோ? எனின், அதுவும் ஒருதலைக் கூற்றேயாம். ஆற்றில் குழவியை இழந்தாளுக்கு நீதி கிடைப்பினும் இரவு வரும். அவ்விரவில் நீரொலி கேட்கும். நீதிமன்றம் அவ்வொலியை நிறுத்தாது. ஆண்டு ஒருவர் உடனிருந்து கேட்டல் வேண்டும். ஆயின், கேட்டலை நீதிக்கு மாறாக அளித்தல் கூடாது; கூலி கேட்டவனுக்கு ஆறுதல் சொல்லி அனுப்புவது கடனைக் கண்ணீரால் அடைக்க முயல்வதாம். நீதியும் வேண்டும், கேட்டலும் வேண்டும், ஒன்று மற்றொன்றன் இடத்தில் நிற்றல் ஆகாது.

இவ்வறத்தை இன்று நம் நாட்டுச் சட்டமும் ஒருவாறு ஏற்றுக்கொண்டுள்ளது. 2017-இல் இயற்றப்பட்டு 2018-இல் நடைமுறைக்கு வந்த மனநலப் பாதுகாப்புச் சட்டம், அரசு நடத்தும் மனமருத்துவத்தைப் பெறுதல் ஒவ்வொருவர்க்கும் உரிமை என்கின்றது; நோயாளியின் மறைபொருளைக் காக்க ஆணையிடுகின்றது. அரசியல், பொருளாதார, சமுதாய நிலை காரணமாகவோ, ஊரார் கொள்கையொடு மாறுபட்டமை காரணமாகவோ ஒருவனை மனநோயாளி என்று முடிவு செய்தல் ஆகாது என்று அதன் 3-ஆம் பிரிவு விலக்குகின்றது. டேலி போன்றார் செய்த பிழைக்கு வேலியிட்டாற்போன்றது இவ்விதி. மேலும் 2022 அக்டோபர் 10-ஆம் நாள் முதல் நடுவணரசு 14416 என்னும் எண்ணில் தொலைபேசி வழியே மனநல உதவி அளித்து வருகின்றது. தனித்தொழில் நடத்தும் உளநூலார்க்கு இவற்றால் கடன் குறைந்துவிடாது. வாரத்தில் ஒரு சில மணி நேரமேனும் கூலி தர இயலாதார்க்கு ஒதுக்குதலும், அவர்தம் மொழியிலேயே அவர் சொல்வதைக் கேட்டலும் அவர்க்கு இயல்வனவே.

கூறியவற்றைத் தொகுத்து நோக்கின், உளநோய் தீர்ப்பான் கடன் நான்காகும். கேட்டதைக் காத்தல்; தன்மேல் ஏற்றப்பட்ட அன்பைத் தனதாக்காமை; ஏழைக்கு வாயில் அடையாமை; புறத்திருந்து வந்த துன்பத்தை அகத்துக் குற்றமாக்காமை. முதல் மூன்றனையும் உலகம் எளிதில் உடன்படும். நான்காவதே அரிது, அதற்குக் கேட்பவன் தன் நூலறிவைச் சிறிது ஒதுக்கி வைத்து, எதிரிருப்பவர் வாயிலாக உலகத்தைக் காணும் பணிவுடையனாதல் வேண்டும். அப்பணிவுடையான் அறையிலிருப்பினும், மருத்துவமனையிலிருப்பினும், மாஞ்சோலைக் குடியிருப்பின் திண்ணையிலிருப்பினும், அவன்பால் உள்ளம் திறத்தல் எப்பருவத்தார்க்கும் தகும்.